மாதா படத்தடியில் ஒரு டிரம்

படித்தவர்களைக் கண்டால் எனக்குப் பயம், அதிலும் அரைகுறையாகப் படித்தவர்களைக் கண்டால். இருபத்திரண்டு வயதில் நானே அப்படி ஒருத்தி.

பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. காய்கறிக் கழிவைப் பாக்டீரியா தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும், அதை எரிபொருளாக்கலாம். இதுதான் என் புரொஜெக்ட். திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் கழித்துப்போட்ட முட்டைகோஸ் இலைகளை அள்ளிவந்து, வேண்டாத கிருமி மட்டும் சாகும்படி வேகவைத்த சாக்கடைச் சேற்றோடு (அம்மாவின் பானையில்தான்) டிரம்மில் அடைத்து, வாயு சேர ஒரு பழைய லோரி டியூபை மாட்டினேன். பாக்டீரியாவுக்குச் சூடு வேண்டும். கேமரன் மலையில் மனுஷனுக்கே சூடு கிடையாது. எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் கதகதப்பான ஒரே இடம், அடுப்படிச் சுவரின் மறுபக்கம் மாதா படம் மாட்டியிருந்த மூலை. டிரம்மைக் கம்பளியில் சுற்றி அங்கேயே வைத்தேன். (விஞ்ஞானி!)

நான்காம் நாள் டியூப் உப்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஞாயிறு, எங்கள் வீட்டில் செபக் கூட்டம். வெளியே மழை என்பதால் ஜன்னலெல்லாம் சாத்தி, ஃபாதரோடு பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு உள்ளே வந்தேன். டியூப் சப்பையாகக் கிடந்தது.

ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். அத்தனையும் இந்த அறைக்குள்தான் இருக்கிறது! அம்மாவோ மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றத் தீக்குச்சியை எடுத்துவிட்டார்.

"கொளுத்தாதீங்கம்மா! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

தட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். ஃபாதரைக் கையைப் பிடித்தே இழுத்துப் போனேன். பதினைந்து பேரும் செருப்பில்லாமல் கொட்டும் மழையில், தேயிலைச் செடி ஓரத்தில் நின்றார்கள். என் ஒருத்தியால் இவர்கள் சாகப் பார்த்தார்களே என்று அழுதபடி வீடு வெடிக்கக் காத்திருந்தேன். அது வெடிப்பதாகத் தெரியவில்லை.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றார் அப்பா.

"டியூப்ல இருந்த கேஸெல்லாம் வீட்டுக்குள்ள லீக் ஆயிருச்சுப்பா!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! காலையில நான்தான்டி டியூப்பக் கழட்டி, வெளிய கொண்டுபோய்த் தொறந்துவிட்டு, திரும்ப மாட்டி வச்சேன். ஃபாதர் வர்ற நேரத்துல அந்த அழுகின முட்டைகோஸ் நாத்தம் தாங்காது லா!"

ஃபாதர் பதிலுக்குத் தும்மினார்.

என் கல்யாணத்தில் பீடத்து மெழுகுவத்தியை ஏற்றுமுன் அதே ஃபாதர், "என்னம்மா, பத்த வைக்கலாமா, இல்ல வெளிய ஓடணுமா?" என்று மைக்கிலேயே கேட்டார். கோயிலே சிரித்தது. அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் என் கணவரும் அதையேதான் கேட்கிறார். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.