அப்பாவின் லைசென்சுக்கு நான் போட்ட லாக்

படித்த பையனை நிற்கிற வண்டியில் தனியாக விட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் போதும், குடும்பத்தையே கவிழ்த்துவிடுவான். அனுபவத்தில் சொல்கிறேன்; அந்தப் பையன் நான்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அப்பா, நீலசந்திராவில் மஸ்தான் பாயின் சாரமரக் கிடங்கில் இருபது வருடமாக மரம் தூக்கிக்கொண்டிருந்தார். கட்டடத்துக்குச் சாரம் கட்டும் கம்புகள் ஆனேக்கல் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரும். அவற்றைக் கொண்டுவர பாயிடம் ஒரு கிழட்டு லாரி இருந்தது. ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விட்டது. நான்கு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும் ரகம்.

தோப்புச் சேற்றில் அதை ஓட்டுவது அப்பாதான். ரோட்டுக்கு வந்ததும் இறங்கி, லைசென்ஸ் உள்ள டிரைவரிடம் கொடுத்துவிடுவார். பெரிய வண்டி லைசென்சுக்கு இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அப்பா ஒன்றாம் வகுப்பைக்கூட வெளியே நின்று பார்த்தவர். அந்த விதியை எடுத்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்துச் சொன்னது நான். (இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.) அப்பா சின்ன வண்டி லைசென்ஸ் எடுத்து, ஒரு வருடம் பொறுத்து, பெரியதற்கு மனுப் போட்டார்.

பாய் கறாராகச் சொல்லிவிட்டார்: “டிரைவர் ஊரோட போறான். செவ்வாக்கிழமை டெஸ்ட்ல பாஸ் பண்ணு, வண்டி உன் கையில. இல்லாட்டி ஓசூர்ல ஒருத்தன் ரெடியா இருக்கான்.” பாஸானால் அப்பா இனி மரம் தூக்க வேண்டாம். அவருடைய வலது தோள் ஏற்கெனவே இடதைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பாய்தான் லாரியை ஓட்டிவந்து தேர்வு மைதானத்தில் நிறுத்தினார். வழவழவென்று சிமென்ட் தரை. அதில் வெள்ளைக் கோட்டில் பெரிய எட்டு. “வண்டியப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு அப்பாவும் பாயும் காகிதங்களோடு வரிசையில் நிற்கப் போனார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். இறங்கி டயரை உதைத்தேன். மறுபடி ஏறினேன். தேர்வு அப்பாவுக்கு, பதற்றம் எனக்கு. அப்போது கியர் கம்பிக்குப் பக்கத்தில், சாக்குத் துணிக்கு அடியில், அந்தக் குட்டி லீவர் கண்ணில் பட்டது.

தோப்பில் கஷ்டமான இடம் வந்தால் அப்பா அதைத்தான் இழுப்பார். இதைவிடக் கஷ்டமான இடம் ஏது? பாவம், பதற்றத்தில் மறந்திருப்பார். இழுத்துவிட்டேன். துணியையும் அழகாக மூடிவிட்டேன். லாக் விழுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு செத்துப் பல வருடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். (பரீட்சையில் இதே கேள்விக்கு இருபதுக்குப் பதினெட்டு வாங்கியவன் நான்.) இந்த மாதிரி லாரியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு, பெயர் டிரான்ஸ்ஃபர் கேஸ். என்ஜினின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. நீளமான கம்பை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு முனை திரும்புவதைப் பாருங்கள்: முன்னால் போகிறவர் சுற்றி வளைத்து அதிகம் நடப்பார், பின்னால் வருகிறவர் குறுக்கே குறைவாக நடப்பார். லாரியும் அப்படித்தான் திரும்புகிறது. அந்த வித்தியாசத்தை அனுமதிக்கத்தான் பெட்டிக்குள் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. லீவரை இழுத்தால் அது பூட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரே கணக்கில்தான் சுற்றும். சேற்றில் பரவாயில்லை, டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். சிமென்டில் வழுக்காது. திரும்பத் திரும்ப உள்ளே முறுக்கு ஏறும். கடைசியில் வண்டியே இறுகிவிடும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். லீவரை இழுத்த கைக்குத்தான் தெரியவில்லை.

நான் இறங்கிக்கொள்ள, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா ஏறி உட்கார்ந்தார். நேராகப் போனவரை ராஜா மாதிரிப் போனார். முதல் வளைவில் டயர் கீச்சென்றது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்தார். லாரி பிடிவாதக் குழந்தைபோல உதறி, துள்ளி, கோட்டின் மேல் ஏறி நின்று, அணைந்தது.

“ஏன்ரீ, லாரி ஓட்றீங்களா, ஏர் ஓட்றீங்களா?” என்றார் தேர்வு எடுக்க நின்ற கன்னடக்கார இன்ஸ்பெக்டர்.

“அண்ணே, ரெண்டு இட்லி சேத்துத் தின்னுட்டு வந்திருக்கலாம்!” என்று வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

தரையில் கறுப்பாக டயர் தேய்ந்த தடம். அதைப் பார்த்த நொடியில் எனக்குப் பதினெட்டு மார்க்கும் ஞாபகம் வந்தது. ஓடினேன். “அப்பா! லாக் விழுந்திருக்கு! நான்தான் போட்டேன்!”

அப்பா துணியை விலக்கி லீவரைத் தள்ளினார். அசையவில்லை. “இன்னாத்துக்குடா போட்ட?”

“உங்களுக்கு ஹெல்ப்பா இருக்கும்னு...”

பக்கத்தில் வந்த இன்ஸ்பெக்டரிடம் நான் படபடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். “சார், உள்ள முறுக்கு ஏறியிருக்கு. ஜாக்கி வெச்சு ஒரு சக்கரத்தத் தூக்கினாதான் விடும். ஜாக்கி இருக்கா சார்?”

“நீ யாரு?”

“இன்ஜினியர் சார்.”

“அரே, படிச்ச புள்ள சார்” என்றார் பாய், தலையில் அடித்துக்கொண்டு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா வண்டியை உயிர்ப்பித்தார். ரிவர்ஸ் போட்டு, வந்த வளைவிலேயே மெல்லப் பின்னால் வந்தார். ஏறிய முறுக்கு இறங்கியது. இரண்டு விரலால் லீவரைத் தட்டினார். டக். பிறகு அதே எட்டை ஒரே மூச்சில், கோட்டைத் தொடாமல், இரண்டு முறை போட்டுவிட்டு வந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் ரசித்துப் பார்த்தார். ரசித்துவிட்டு ஃபெயில் என்று எழுதினார். “கோடு ஏறிச்சு, வண்டி அணைஞ்சிச்சு. நான் என்ன மாட்லி, என்ன பண்ணட்டும்? ஒரு வாரம் கழிச்சு வாங்க.”

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. நான் பாயின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். பாய் அப்பாவைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

“ஓசூர்காரனுக்கு இதெல்லாம் வராதுப்பா. ஒரு வாரம்தானே, வண்டிய நிறுத்தி வைக்கிறேன். ஆனா ஒரு கண்டிஷன். இந்த இன்ஜினியர் கேட்டுக்கு வெளிய நிக்கணும்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் கேட்டுக்கு வெளியேகூட நிற்கவில்லை. எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அப்பா பாஸ்.

இன்று ஆனேக்கல் சாலையில் அந்த லாரி அப்பாவுடையது மாதிரிதான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் ஏறினால், கிளம்பும் முன் “கை ரெண்டையும் மேல வை” என்பார். போலீசிடம் பிடிபட்டவன்போல டாஷ்போர்டில் கைகளை வைத்தால்தான் வண்டி நகரும்.

போன வருடம் ஒயிட்ஃபீல்டில் எனக்கு வேலை கிடைத்தது. கியர் பெட்டி வடிவமைக்கும் கம்பெனி. ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். கண் கலங்க என் தலையைத் தடவிக் கொடுத்தவர், திடீரென்று நிறுத்தினார்.

“ஏன்டா, அங்க எதையாச்சும் தொட உன்ன உடுவாங்களா?”

“இல்லம்மா. கம்ப்யூட்டர்ல வரையறது மட்டும்தான். செய்யறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.”

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். “நல்ல கம்பெனிடா.”