டானியலா பள்ளிக்கூடம் போகாததற்கு அத்தாட்சி

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தால், தனியாகப் பரீட்சை எழுதலாம். பரீட்சை அலுவலகத்துக்கு அதில் ஆட்சேபணையே கிடையாது. நின்றுவிட்டதை நிரூபித்தால் போதும்.

அம்மா பிரிஜட் படுத்த படுக்கையான வருஷம் டானியலா படிப்பை விட்டாள். இப்போது அம்மா எழுந்து நடமாடுகிறார். டானியலாவுக்குத் தாதிமைப் படிப்பில் சேர்ந்து நர்ஸாக ஆசை. அதற்கு இந்தப் பரீட்சை வேண்டும். பெயர் கொடுக்க இந்த மாதமே கடைசி.

தகுதி உறுதிப்பாட்டுப் பிரிவின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் மார்வின். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அவள் போகும் மாதா கோவிலில்தான் அவரும் தமிழ்ப் பூசைக்குப் பாடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கிள், திங்கட்கிழமை சார்.

“ஸ்கூல்ல நின்னதுக்கு லெட்டர் எங்கம்மா?”

“அந்த ஸ்கூலையே மூடி வேற ஸ்கூலோட சேர்த்துட்டாங்க சார். அங்க கேட்டா, ‘நீ இங்க வந்ததே இல்ல, போயிட்டேன்னு நாங்க எப்படி எழுதிக் கொடுக்கிறது?’ன்னு கேக்கிறாங்க.”

“நியாயமாத்தானே கேக்கிறாங்க.”

“சார், ஸ்கூல் நேரத்துல இங்க வந்து நிக்கிறேன். ஸ்டூடண்டா இருந்தா எப்படி நிப்பேன்?”

“மட்டம் போட்டிருக்கலாம் லா.”

“நான் ஸ்கூல் போகலைன்னு உங்களுக்கே தெரியுமே!”

மார்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியும்மா. ஆபீசுக்குத் தெரியாது. உன்னைத் தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு எழுதித் தரட்டும், ஆபீசுக்கும் தெரிஞ்சுடும்.”

டானியலாவுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவள் படிப்பை விட்ட சேதி அந்தக் கோவில் பங்கில் யாருக்குத் தெரியாது? அதைப் பரப்பவே மிரண்டா ஆன்ட்டி பூசை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்று உழைத்திருக்கிறார். அந்த உழைப்பால் சேதி சிராங்கூன் ரோட்டு நகைக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

கையெழுத்து என்றதும் மிரண்டா ஆன்ட்டி நெஞ்சில் கைவைத்தார். “ஐயையோ, வயசுப் பொண்ணு பேரை நான் கெடுப்பேனா? நீ நல்லாப் படிக்கிற பொண்ணும்மா.” அதையே எழுதியும் கொடுத்தார். போன வீட்டிலெல்லாம் இதே பாசம்.

மார்வின் அத்தனை நற்சான்றுகளையும் பொறுமையாக வாசித்தார். “நல்லாப் படிக்கிறியாம். அப்புறம் ஏன் ஸ்கூலை விடணும்? அங்கேயே போய்ப் படி.”

டானியலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அந்த வாரம் பங்கில் சிறந்த மாணவர் பரிசுக்குப் பெயர் கேட்டார்கள். டானியலா தன் பெயரைக் கொடுத்தாள். கல்யாண ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்பதுபோல, பரிசுக்குரியவர்களின் பெயரையும் பூசையில் வாசிப்பது அந்தப் பங்கின் வழக்கம். வாசித்த பெயர்கள் இரண்டு: மார்வினின் மகள் ஜோனா, அடுத்து டானியலா. “இதற்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும்.”

சாயங்காலத்துக்குள் தெரிவித்துவிட்டார்கள்.

பங்குத் தந்தை அவளைக் கூப்பிட்டு, வந்த கடிதங்களை முன்னால் வைத்தார். “இதுக்கு என்னம்மா பதில்?”

“எல்லாம் உண்மைதான் ஃபாதர். என் பேரை எடுத்துடுங்க. இந்த லெட்டர்ஸை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?”

மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்த பங்குத் தந்தை, ஒன்றும் புரியாமல் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மார்வின் முதல் கடிதத்தைப் பிரித்தார். ‘இந்தப் பெண் பள்ளிக்கூட வாசலை மிதித்து இரண்டு வருஷமாகிறது. இது சத்தியம். மிரண்டா.’

“இப்படித் தெளிவா எழுதணும்மா!” என்று மகிழ்ந்துபோய் அடுத்ததைப் பிரித்தார். ‘இவளை நன்றாக அறிவேன். இவள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை என்று பொறுப்புடன் உறுதி கூறுகிறேன்.’

கீழே இருந்த கையெழுத்து மார்வினுடையது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். காது மடல் சிவந்தது. ஆனாலும் விதி விதிதானே.

“சாட்சியை விசாரிக்கணும்,” என்றார் மெல்ல.

“விசாரிங்க சார். வெயிட் பண்றேன்.”

உள்ளே போனவர் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தார். “விசாரிச்சுட்டேன். நம்பகமான ஆள்தான்.” முத்திரை விழுந்தது.

அடுத்த ஞாயிறு ஜோனாவுக்குப் பரிசு. எல்லாரும் கைதட்டினார்கள். வாசலில் மிரண்டா ஆன்ட்டி டானியலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினார்:

“நாங்க எழுதிக் கொடுக்கலைன்னா இந்தப் புள்ளைக்குப் பரீட்சை ஏது லா!”

பக்கத்தில் நின்ற மார்வின் அங்கிள் அடக்கமாகத் தலையாட்டினார். டானியலா மறுக்கவில்லை. ஆன்ட்டி அவளைப் பற்றிச் சொன்னதில் எப்போதுதான் பொய் இருந்தது?