மஞ்சள் படகு முந்துகிறது!

"சார், கடலே தெரியலையே!" என்றார் அறிவிப்பாளர்.

மேடையிலிருந்து அவர் கண்ணுக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று: கையிலிருந்த மைக், முதல் வரிசையில் மாமியார், பக்கத்தில் மனைவி. அதற்கு அப்பால் இருக்கவேண்டிய கடலும் பந்தயத் தடமும் மூடுபனிக்குள் காணாமல் போயிருந்தன.

"தெரியலைன்னா என்ன? பேசுங்க!" என்றார் படகுக் கழகச் செயலாளர். "மூவாயிரம் பேர் வந்து உக்காந்திருக்காங்க. கூட்டம் கலைஞ்சுதுன்னா அடுத்த வருஷம் இந்த மைக் வேற ஆளுக்கு."

அறிவிப்பாளருக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகப் பேருந்து நிலையத்தில் வண்டி அறிவிக்கிறவர் அவர். ஊரே அவர் குரலைக் கேட்டது, ஒருவரும் காதில் வாங்கியதில்லை. வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவியும் மாமியாரும் பேசுவார்கள்; அவர் பங்குக்கு ஒரு 'ம்'. இன்றைக்குத்தான் முதல்முறையாக, அவர் பேசுவதைக் கேட்கவென்றே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. இந்த மைக் போனால் மறுபடியும் 'ம்'தான்.

பந்தயத்தின் வழக்கம் எளிது. கடற்கரை வளைவுக்கு அப்பால் நான்கு படகுகளும் வரிசையாக நிற்கும். ஊதல் ஒலித்ததும் புறப்பட்டு, மிதவையைச் சுற்றி, மேடைக்கு எதிரே வந்து முடிக்கும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஊதல். துடுப்புப் போடுகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று புறப்படும் இடத்திலும் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

பனிக்குள்ளிருந்து 'பூ...ம்' என்று நீளமாக ஓர் ஊதல் வந்தது.

"பயணிகளின்... மன்னிக்கவும், ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு! மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை, நான்கு படகுகளும் புறப்பட்டுவிட்டன!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அறிவிப்பாளருக்கு உச்சி குளிர்ந்தது. அத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் அரை நிமிடம் பேச்சில்லை என்றதுமே பின்வரிசையில் ஒருவர் எழுந்து கால்சட்டையிலிருந்த மணலைத் தட்ட ஆரம்பித்தார்.

"நீலம் முந்துகிறது!" என்று கத்தினார் அறிவிப்பாளர். எழுந்தவர் உட்கார்ந்தார். உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தார்.

"மாப்பிள்ளை! மஞ்சள் படகுல எம்புள்ள இருக்கான். ஞாபகம் இருக்கில்ல?"

"இதோ, நீலத்தை மஞ்சள் முந்துகிறது!"

"எங்க ஆளுங்க என்ன தூங்கறாங்களா?" என்று இடப்பக்கத்து நீலச்சட்டைக்காரர்கள் எகிறினார்கள்.

"நீலம் விழித்துக்கொண்டது! மறுபடி முன்னிலை!"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும். ஐந்தே நிமிடத்தில் மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று பதினொரு முறை முந்தின. இரண்டு பக்கத்தையும் சமாளிக்க முடியாமல், மூச்சு வாங்கிக்கொள்வதற்காக, அவர் சிவப்புப் படகைக் கவிழ்த்துவிட்டார்.

"ஐயோ! அதுல என் வீட்டுக்காரர் இருக்காரு! அவருக்கு நீச்சல் தெரியாது!" என்று ஒரு பெண் அலறினாள்.

"கவிழ்ந்த வேகத்தில் நிமிர்ந்துவிட்டது!" என்றார் அறிவிப்பாளர் அவசரமாக. "ஒருவர்கூட நனையவில்லை!"

"அதெப்படிங்க?" என்று யாரோ கேட்டார்கள். நல்லவேளையாக இரண்டாவது ஊதல் வந்தது.

"மிதவையைச் சுற்றிவிட்டன!"

அப்புறம் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? துடுப்பு உடைந்தது, கையாலேயே தள்ளினார்கள், பச்சைப் படகு "வழக்கம்போலத் தாமதமாக" வந்தது. மூவாயிரம் பேரும் எழுந்து நின்று வெள்ளைப் பனியைப் பார்த்துக் குதித்தார்கள். அவர் மனைவி இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள். அவளுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது ஊதல் வந்தது. மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் வென்றது! அரை முழ வித்தியாசத்தில்!"

மேளம் முழங்கியது. "அரை முழந்தானே, அடுத்த வருஷம் பாத்துக்கறோம்" என்று நீலச்சட்டைகள் மஞ்சள் சட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். மாமியார் முன்னே பின்னே தெரியாதவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, "பேசறது யாரு தெரியுமா? எங்க மாப்பிள்ளை!" என்றார்.

செயலாளர் பளபளக்கும் கோப்பையோடு மேடையேறினார். "பிரமாதம்! நாப்பது வருஷத்துல இப்படி ஒரு பந்தயத்தை நான் பாத்ததே இல்ல. ஆமா, படகுங்க எங்கே?"

அதை அறிவிப்பாளர் யோசிக்கவே இல்லை. பழக்கதோஷம் கைகொடுத்தது.

"மஞ்சள் படகு, சுமார் பத்து நிமிடம் தாமதமாக, மூன்றாவது நடைமேடைக்கு..."

'பூ...ம்' என்று நான்காவது ஊதல் வந்தது.

அறிவிப்பாளர் பனியைத் திரும்பிப் பார்த்தார். முடிந்துபோன பந்தயத்துக்கு ஊதுவது யார்?

அப்போது கடற்கரைச் சாலையில், மஞ்சள் பனியனோடு அவருடைய மைத்துனன் ஓடிவந்தான். மாமியார் பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"என்னடா, ஒரு சொட்டுகூட நனையலையே!"

"அதான் யாருமே நனையலைன்னு சொன்னாரே" என்றாள் சிவப்புப் படகுக்காரரின் மனைவி.

மைத்துனன் தாயின் பிடியிலிருந்து நழுவி, மூன்று படிகளை ஒரே தாவாகத் தாவி, மேடைக்கு வந்தான். மைக்கை அணைக்கவேண்டும் என்று அறிவிப்பாளருக்குத் தோன்றியபோது காலம் கடந்துவிட்டது.

"மாமா, ஏதோ ஒரு கப்பல் பனியில வழி தெரியாம ஊதிக்கிட்டே கெடக்கு, அதனால எங்களை இன்னும் கிளம்பவே விடல. ஆனா நாங்க ஜெயிச்சிட்டோம்னு மைக்ல கேட்டுது, அதான் கப்பை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்!"