‘கிவ் அப்’புக்கு வேண்டா சொன்ன வாக்கியங்கள்

மாமல்லபுரம்,
15-6-1956, வெள்ளி

அன்புள்ள சாலமோன் அண்ணனுக்கு,

தங்கை ரெபேக்காள் தோத்திரத்தோடு எழுதுவது. ஊர் அடங்கிய பிறகு அரிக்கேன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். நாங்கள் மூவரும் சுகம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன்.

உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்காக ‘கிவ் அப்’ என்பதற்கு வீட்டில் புழங்கும் உதாரண வாக்கியங்கள் கேட்டிருந்தீர்கள். விட்டுவிடுவது, கைவிடுவது, தோற்றேன் என்று ஒப்புவது என அகராதி பார்த்து நாலு எழுதினேன். நாலிலும் யாரோ ஒரு துரை சுருட்டுப் பழக்கத்தை விட்டுக்கொண்டே இருந்தார். கிழித்துப் போட்டேன். உருப்படியான வாக்கியங்களெல்லாம் மீன்கூடைக்கார வேண்டாவிடம் இருந்தன. நான் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டு அர்த்தம் கேட்டாள், சொன்னேன், அவ்வளவுதான். புகையிலையை கிவ் அப் பண்ணியாயிற்று என்று புகையிலை அடக்கிய வாயாலேயே சொன்னாள். செங்கல்பட்டு பஸ்ஸில் கூடையை ஏற்ற மாட்டேனென்று மல்லுக்கு நின்ற கண்டக்டர் திருக்கழுக்குன்றம் வருமுன்னே கிவ் அப் பண்ணிவிட்டாராம். ஒன்றில்கூடப் பிழையில்லை அண்ணா.

நான் திங்களன்று அங்கே செங்கல்பட்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டுமல்லவா, ஒன்பது மாத ஏசுதாஸோ சங்கில் பசும்பாலைத் தொடவே மாட்டேனென்கிறான், நான் புகட்டினால் துப்புகிறான், இவர் புகட்டினால் இவர் சட்டைமேல் துப்புகிறான், பாடினோம், கிலுகிலுப்பை ஆட்டினோம், பனங்கற்கண்டு போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை, நேற்று சங்கைக் கீழே வைத்துவிட்டு நானும் அவனோடு சேர்ந்து அழுதேன். பட்டினி கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எனக்கு என்ன படிப்பு?

இன்று காலை வேண்டா கூடையை இறக்கிவிட்டுச் சோப்புப் போட்டுக் கைகழுவி வந்தாள்.

“உன் பொடவ ஒண்ணு குடும்மா. தோச்சது வாணாம், கட்டி அவுத்தது குடு.”

அதைத் தன்மேல் சுற்றிக்கொண்டு, நான் கண்ணில் பட்டால் அவன் ஏன் சங்கைத் தொடப் போகிறான் என்று என்னைக் கொல்லைக்கு விரட்டினாள். கதவிடுக்கில் பார்த்தேன். முந்தானையை முகர்ந்தான், அவள் முகத்தைப் பார்த்தான், சந்தேகப்பட்டான், மறுபடி முகர்ந்தான், மூன்று சங்கு குடித்தான். மத்தியானமும் அப்படியே.

“புள்ள அடம் புடிக்கிறத கிவ் அப் பண்ட்டான். உன் அழுவைய நீ எப்பம்மா பண்ணப் போற?”

கல்லூரியில் படித்த எனக்கு இப்படியொரு வாக்கியம் வராது. இனி மீனை அவள் மகள் விற்பாளாம், மாலை பஸ்ஸில் நான் திரும்பும்வரை பிள்ளை தன் பொறுப்பு என்கிறாள். ஆகவே திங்களன்று நான் வந்து சேர்வது நிச்சயம்.

அண்ணிக்குத் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் காப்பாராக.

தங்கை,
ரெபேக்காள்

பி.கு.: உறை எடுக்க மேசைக்குப் போனால், படிப்பை கிவ் அப் செய்கிறேன் என்று பயிற்சிப் பள்ளித் தலைமையம்மாவுக்கு நேற்று அழுதுகொண்டே எழுதிய கடிதத்தைக் காணோம். இவரை எழுப்பிக் கேட்டேன். நான் மறந்துவிடுவேனென்று தானே ஸ்டாம்பு ஒட்டி இன்று மாலைத் தபாலில் சேர்த்துவிட்டாராம். தபாலாபீஸில் வேலை பார்க்கிறவர் திரும்ப எடுக்கக் கூடாதா என்றால், தபால் பைக்கு முத்திரை வைத்து பஸ்ஸும் போயாயிற்று என்று புரண்டு படுத்துவிட்டார். இந்தக் கடிதத்தை நாளை முதல் பஸ்ஸில் வேண்டாவே கொண்டுவருகிறாள். தபால்காரருக்கு முன்னால் நீங்கள் தலைமையம்மாவைப் போய்ப் பாருங்கள். என்ன சொன்னார்களென்று அவளிடமே உடனே பதில் எழுதிக் கொடுங்கள்.