குளவிக்குக் கலந்த தேன்

தூத்துக்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

மரியாதைக்குரிய ஹில்டா அக்காளுக்குத் தம்பி ரோச் வணக்கத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் மனைவி ஜெனிசும் மகள் ஏஞ்சலினும் உடம்பளவில் சுகம். மணப்பாட்டில் நீங்களும் அத்தானும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் பார்த்து அனுப்பிய சம்பந்தம் முறிந்துபோய்விட்டது. யார் குற்றம் என்று கேட்டால், ஒரு பாக்டீரியா மேல்தான் கை காட்ட வேண்டியிருக்கிறது.

ஏஞ்சலின் பூச்சி ஆராய்ச்சி செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆய்வகத்தில் ஏ.சி. பழுது என்று, விடுமுறைக்கு வந்தவள் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு வந்து இறங்கினாள். வீட்டில் ஏ.சி. இருப்பது எங்கள் படுக்கையறையில் மட்டும்தான். ஆகவே குழாய்கள் என் கட்டிலுக்குப் போயின, நான் கூடத்துத் தரைக்கு வந்தேன். காலிக் குழாய்தானே என்று ஒன்றை எடுத்துக் கழுவப் போனபோதுதான், உள்ளே குளவி இருக்கிறது என்று அவள் ஓடிவந்து பிடுங்கினாள். மிளகாய்ப்பொடித் துகள் மாதிரி இருக்கிறது அக்காள், அதுதான் குளவியாம். விளாத்திகுளம் பக்கம் மக்காச்சோளத்தில் விழும் புழுவின் முட்டைக்குள்ளே இது தன் முட்டையை வைத்து, புழு பிறக்குமுன்பே கதையை முடித்துவிடுமாம்.

அதோடு நின்றிருந்தால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்கும். இந்தக் குளவியின் உடம்புக்குள் பரம்பரையாக ஒரு பாக்டீரியா குடியிருக்கிறதாம். அது தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும், தகப்பன் வழியாகப் போகாது. ஆண்பிள்ளை பிறந்தால் அதற்கு வழி அடைத்துப்போகிறது. அதனால் சில பூச்சிகளில் ஆண் குஞ்சை முட்டையிலேயே கொன்றுவிடுகிறதாம், சிலவற்றில் ஆணைப் பெண்ணாகவே மாற்றிவிடுகிறதாம். இந்தக் குளவியில் தாய் யாரோடும் சேராமலே முட்டையிட, அத்தனையும் பெண்ணாகப் பிறக்கிறதாம். இதை என் மகள் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். தகப்பன் என்கிற முறையில் எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

நேற்றுச் சாயந்திரம் மாப்பிள்ளை கிளாட்வினும், அவன் தாயார் பெர்பெத்தம்மாளும், மூத்த மருமகள் விஜிலாவும் வந்தார்கள். மாப்பிள்ளை கப்பலில் எஞ்சினியர் என்றாலும் நல்ல அடக்கமான பையன். விஜிலா மூன்று பெண்குழந்தைகளைப் பெற்றவள். உட்கார் என்று சொன்னபிறகுதான் உட்கார்ந்தாள், மாமியார் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். பெண் என்ன படிக்கிறாள் என்று பெர்பெத்தம்மாள் கேட்டார். நான் பொத்தாம்பொதுவாக விவசாயம் என்றேன். ஏஞ்சலின் அதை விடாமல் முழுவதையும் விளக்கினாள், அந்தக் கொன்றுவிடுகிற பகுதி உள்பட. கிளாட்வின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டான். பெர்பெத்தம்மாளோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இது மனுஷருக்கு ஒட்டுமா என்று என்னைத்தான் கேட்டார்.

நான் சமாளிக்கப் பார்த்தேன் அக்காள். "அதெல்லாம் ஒட்டாது மதினி. பூச்சி வருததுக்கு முந்தியே எங்க வீட்ல எல்லாம் பொம்பளப் பிள்ளைதான். ஜெனிஸ் கூடப்பிறந்ததும் அஞ்சு பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். குசினியில் பலகாரத் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஜெனிஸ் எட்டிப்பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பேச்சை மாற்ற எலுமிச்சைச் சாறு கலக்கப் போனேன். பெர்பெத்தம்மாளுக்கு சர்க்கரை நோய், சீனி ஆகாது. தேன் சீனியில்லையே என்று, ஃபிரிட்ஜில் கண்ட ஒரு சின்னப் பாட்டிலைக் கவிழ்த்து அவருக்கு ஒரு டம்ளர் தனியாகக் கலந்து கொடுத்தேன். அவர் பாதி குடித்திருக்கும்போது ஏஞ்சலின் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, இது குளவிக்குக் கலந்த தேன்" என்றாள்.

பெர்பெத்தம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஆன்டிபயாடிக்தான் அதில் துளி இருக்கிறது, இந்த அளவுக்கு ஒன்றும் செய்யாது என்று ஏஞ்சலின் ஆற்றினாள். அதோடு நிறுத்தினாளா? அந்த மருந்து பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அதன்பின் பெண்ணாகவே பெற்றுவந்த குளவிக்கு ஆணும் பிறக்கும் என்றும் சொன்னாள்.

பெர்பெத்தம்மாள் டம்ளரைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். அவர் அதை அப்படியே மருமகள் பக்கம் நீட்டினார்.

"ஏளா விஜிலா, மிச்சத்தை நீ குடி."

விஜிலா வாங்கிக்கொண்டாள். எத்தனை கஷாயத்தை இப்படி வாங்கிக் குடித்தாளோ, கை தானாக வாய்க்குப் போனது. ஏஞ்சலின் எழுந்துபோய் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள்.

"ஆன்ட்டி, இந்தப் பாக்டீரியா குளவிக்குள்ள இருக்கது, நம்ம உடம்புல கிடையாது. மனுஷருக்கு ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணுதது அப்பாகிட்ட இருந்து வருத அணுதான். இதுல அக்கா செய்யுததுக்கு ஒண்ணுமே இல்ல. கேக்கதுன்னா உங்க மூத்த மவன்கிட்டதான் கேக்கணும்."

அதுவரை வாய் திறக்காத விஜிலா மெதுவாக, "கேட்டியளா மாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பெர்பெத்தம்மாள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். தட்டில் வைத்த மக்ரூன் வைத்தபடி கிடக்கிறது. கிளாட்வின் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினான்.

எனக்கு வந்த கோபத்தில், குழாயையெல்லாம் நாளைக்கே வீட்டைவிட்டு எடு என்று ஏஞ்சலினைச் சத்தம் போட்டேன். அவள் பெட்டி கட்டுகிறாள். ஜெனிஸ் என்னோடு பேசுவதில்லை. பிள்ளை உண்மையைத்தானே சொன்னாள் என்று எனக்கும் உள்ளுக்குள் உறுத்துகிறது. ஆனால் உண்மையைப் பெண் பார்க்க வந்த அன்றா சொல்வது? ஆகையால் அக்காள், நீங்கள் பெரிய மனசு பண்ணிப் பெர்பெத்தம்மாள் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய், என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஏஞ்சலின் பூச்சிப் பக்கமே போகமாட்டாள் என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். கடல்காற்றில் நிற்கவேண்டாம் என்று சொல்லவும். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

அன்புத் தம்பி,
ரோச்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் வாசலில் கார் வந்து நின்றது. பெர்பெத்தம்மாளேதான், கூடவே விஜிலா, கிளாட்வின், இதுவரை நம் வீட்டுக்கு வராத மூத்த மகன், விஜிலா புருஷன் அனிஷ். "தாயி, நேத்து எங்கிட்ட சொன்னத இவங்கிட்டயும் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டக்கான்" என்றார் பெர்பெத்தம்மாள். ஏஞ்சலின் படம் போட்டு விளக்கினாள். அனிஷ் தலை நிமிரவில்லை. இப்படி முகத்துக்கு நேரே பேசுகிற பிள்ளைதான் தன் வீட்டுக்கு வேண்டும் என்று பெர்பெத்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைத் தன்னிடமல்லவா கேட்க வேண்டும் என்றாள் ஏஞ்சலின். கிளாட்வின் எழுந்து நின்று கேட்டான். ஆராய்ச்சி முடிந்தபிறகு என்றாள், சரி என்றான். ஆகவே மேலே எழுதியதில் மணப்பாடு என்ற ஊர்ப்பெயர் தவிர எதையும் நம்ப வேண்டாம், முக்கியமாக எங்கேயும் போய் எந்த வாக்கும் கொடுத்துவிடாதீர்கள். குழாய்களும் என் கட்டிலிலேயே இருக்கின்றன. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் ரெண்டு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லி விஜிலா கூடத்திலிருந்து சத்தமாகக் கேட்கிறாள், நான் போகிறேன்.