பிச்சமுத்து பேரில் ஒரு ஃபைல்

“இருபத்தேழாவது கேள்விக்கு என்ன சார் போடட்டும்?” என்று லிசி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். விசா ஏஜென்சியில் விண்ணப்பம் நிரப்பும் பெண். மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரம் அவள் குரலில் இருந்தது.

மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பது கேள்வி. செந்தமிழனுக்கு இரண்டும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அரியமங்கலம் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, ஹார்ட் அட்டாக் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, மனசைத்தான் பார்க்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. மூச்சு ஒழுங்காக வந்தது. இப்போது பட்டறையை மூடப்போகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வேலை தயாராகக் காத்திருக்கிறது. நடுவில் இந்த இருபத்தேழு.

“இல்லைன்னு போட்டுட்டா?”

“மறைச்சு மாட்டுனா அத்தோட போச்சு சார். உண்டுன்னே போட்டுடுறேன். ஒழுங்கா மருந்து சாப்பிடுறார், வேலை பார்க்கத் தடையில்லைன்னு டாக்டர் ஒரு லெட்டர் கொடுத்தா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

இவ்வளவுதானா என்று எழுந்தவன் படிக்கட்டில் நின்றுவிட்டான். டாக்டரின் ஃபைலில் அவன் பேர் செந்தமிழனே கிடையாது!

எடமலைப்பட்டி புதூர்க்காரன் அவன். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாதென்று காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் டாக்டர் பிடித்தான். முதல் நாள், கவுண்ட்டரில் இருந்த சாரா பீவி “பேர் சொல்லுங்க” என்றதும் வாசலைத் திரும்பிப் பார்த்தான். நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் பிச்சமுத்து போன் பண்ணினார். திரையில் இருந்த பேரை அப்படியே படித்துவிட்டான். அன்றிலிருந்து அங்கே அவன் பிச்சமுத்து. வீட்டில் கேட்டால், மாதம் ஒரு சனிக்கிழமை ரங்கநாதர் தரிசனம்.

அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்துக்கு ஓடினான். டாக்டர் சித்தார்த்தன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பேரைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“நீங்க செந்தமிழனா?”

“ஆமா சார்.”

“அப்ப பிச்சமுத்து யாரு?”

“என் மச்சான் சார்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் ஃபேனையே பார்த்தார். அடக்குவது கோபமா சிரிப்பா என்று செந்தமிழனுக்குப் புரியவில்லை.

“லெட்டர் தர்றேன். ஆனா உங்க மச்சான் இங்க வந்து, இது என் ஃபைல் இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும்.”

“நானே எழுதி வாங்கிட்டு வந்துடட்டுமா சார்?”

“நேர்ல வரணும்” என்றார் டாக்டர், அழுத்தமாக.

பிச்சமுத்து ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி வாங்க வருகிறவனுக்கும் வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் அனுப்பமாட்டார்.

“விசாவுக்கு ஒரு கையெழுத்து வேணும் மச்சான். ஸ்ரீரங்கம் வரைக்கும் வரணும்.”

“இதுக்கென்ன மாப்ள, கிளம்பு. எந்த ஆபீஸு?”

“டாக்டர் சித்தார்த்தன் கிளினிக்.”

அவர் கையிலிருந்த ஆணிப் பொட்டலம் கீழே விழுந்து சிதறியது. “பைத்தியக்கார டாக்டர்கிட்ட உனக்கென்ன வேலை?”

சொல்ல வேண்டியதாயிற்று. பேர் கொடுத்த கதையைக் கேட்டதும் பிச்சமுத்து பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“என் பேரையா கொடுத்த? இதெல்லாம் நம்ம குடும்பத்துலயே கிடையாது மாப்ள. மனசுல தைரியம் இருந்தா மாத்திரை எதுக்கு? என்னைப் பாரு!”

“சரி மச்சான். நாளைக்கு வர்றீங்களா?”

நாளைக்கு அவருக்கு முழங்கால் வலி. புதன்கிழமை மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். அவரிடம் மாடு கிடையாது, வாங்கும் உத்தேசமும் கிடையாது. வியாழக்கிழமை போனை அணைத்து வைத்தார். செந்தமிழனுக்கு அலுத்துவிட்டது. விசாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எங்காவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

“எங்க அண்ணனை ஏன் இப்படித் துரத்துறீங்க?” என்று அனுசுயா பிடித்துக்கொண்டாள்.

மனைவியிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

“மூணு வருஷமா தனியாவா போயிட்டு வந்தீங்க? என்கிட்ட சொல்லக்கூடாதா?”

அவள் கண் கலங்கியது. அவனுக்கும் கலங்கியது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றி அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“நீங்க பெரிய பக்திமான்னு நான் தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன்! அது போகட்டும். ஊர்ல இத்தனை பேரு இருக்க, எங்க அண்ணன் பேருதான் கிடைச்சுதா?”

ஆனால் வெள்ளிக்கிழமை காலை அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றவளும் அவள்தான்.

“நீ வந்து, நான்தான் பிச்சமுத்து, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வா. அதுல உனக்கென்ன கஷ்டம்?”

“தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா என்னம்மா நினைப்பாங்க?”

“இவருக்கு அங்க வேலை இருக்கு அண்ணே. இன்னிக்கு விட்டா போச்சு.”

பிச்சமுத்து கிளம்பினார். மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் ஹெல்மெட். ஆட்டோவில் போவதற்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்டதற்கு, பாலத்தில் காற்று அதிகம் என்றார்.

கிளினிக்கில் சாரா பீவி செந்தமிழனைப் பார்த்து, “வாங்க பிச்சமுத்து சார்” என்றாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. நிஜப் பிச்சமுத்து சுவர் ஓரமாகப் போய், நாட்காட்டியில் எதையோ தேடுவதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

“அங்க யாருங்க? உள்ள ஹெல்மெட் போடக்கூடாது, கழட்டுங்க.”

“தலைவலிங்க” என்று சன்னமாக ஒரு குரல் வந்தது.

“மானத்தை வாங்காத அண்ணே” என்று அனுசுயாவே போய் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தாள். அதோடு கண்ணாடியும் மாஸ்க்கும் சேர்ந்து வந்துவிட்டன.

அவர் முகத்தைப் பார்த்ததும் சாரா பீவி எழுந்தே நின்றுவிட்டாள்.

“அட, நம்ம செந்தமிழன் சார்! அஞ்சு வருஷமா தனியாவே வந்துட்டுப் போவீங்க, இன்னிக்குத்தான் துணைக்கு ஆள் வந்திருக்காங்க!”