ஹோல்மன் முனையில் பதினோரு குடிசைகள்

செவ்வாய்க்கிழமை மாலை டெல்மர் உறைந்த ஏரிக்குப் போனபோது, அவன் குடிசைக்கு முப்பதடி தள்ளி இன்னொரு மீன்பிடிக் குடிசை நின்றுகொண்டிருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்தது. புகைக்குழாயில் புகை. வாசலில் அதே ஊர் எல்ராயின் வண்டி.

ஏரி உறைந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் குடிசையை இழுத்து வந்து நிறுத்திக்கொள்ளலாம், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கலாம். சட்டம் எல்ராயின் பக்கம்தான். ஆனால் ஹோல்மன் முனைக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு அடியில், ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. டிரவுட் மீன்கள் சாயங்காலமும் விடியலிலும் அதைச் சுற்றித்தான் மேயும். அந்தத் திட்டைப் பத்தொன்பது வருடங்களுக்கு முன் கண்டுபிடித்தவன் டெல்மர். ஐம்பத்தாறு வயதில், சொந்தமாகக் கண்டுபிடித்தேன் என்று அவன் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. மனைவியைக்கூட அக்காதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

பச்சைக் கதவைத் தட்டினான். எல்ராய் கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

"என்ன எல்ராய், ஏதாச்சும் கடிக்குதா?"

"ஒண்ணுமே இல்லப்பா."

எங்கள் ஏரியில் 'ஒண்ணுமே இல்ல' என்றால் மீன் கொட்டுகிறது என்று அர்த்தம். 'சுமாரா இருக்கு' என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை. 'பிரமாதம், நிறைய கிடைச்சுது' என்று எவனாவது சொன்னால் அவன் வெளியூர்க்காரன், மீனைப் படத்தில்தான் பார்த்திருப்பான். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தானாகத் தெரியும்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"தூண்டிலையே இன்னும் எடுக்கலடா."

இவ்வளவு பெரிய பொய்யை டெல்மர் அந்த மனிதனிடம் எதிர்பார்க்கவில்லை. சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவன் எல்ராய்.

தன் குடிசைக்குள் போய் டெல்மர் தூண்டிலை இறக்கினான். கை தூண்டிலில், காது பச்சைக் குடிசையில். ஏழு மணிக்கு மேல் அங்கிருந்து "அப்படிப் போடு" என்று ஒரு கூச்சல் வந்தது. பத்து நிமிடத்தில் இன்னொன்று. மூன்றாவது கூச்சலில் அவன் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

டெல்மருக்கு வேலை, ஒரு ரிசார்ட்டில் பனி வாரும் லாரி ஓட்டுவது. ஏரியின் மேல் வண்டிப் பாதைகள் போடுவது அவன்தான். அதுபோக இன்னொரு பொறுப்பும் இருந்தது. ஆர்லினின் இரைக்கடை வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டப்படும் 'ஏரி நிலவரம்' அவன் எழுதுவது. அதையே ஆர்லின் கடையின் இணையப் பக்கத்திலும் போடுவாள். கூலி, வாரம் ஒரு கோப்பை இரைமீன்.

நிலவரத்தில் பனிக்கட்டி எத்தனை அங்குலம் என்பது மட்டும் உண்மையாக இருக்கும். அதில் பொய் சொன்னால் ஆள் போய்விடும். மற்றபடி எந்தக் குடாவில் என்ன மீன், எத்தனை அடி ஆழம் என்பதெல்லாம் டெல்மரின் கற்பனை. பத்தொன்பது வருடமாக ஹோல்மன் முனை என்ற பெயரே அதில் வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் இப்படி எழுதினான்: "நாணல் குடாவில் டிரவுட் அமர்க்களம். முந்துங்கள்."

நாணல் குடாவில் நாணல் மட்டும்தான் உண்டு.

சனிக்கிழமை மாலை போய்ப் பார்த்தால் ஹோல்மன் முனையில் அவனுடையது போக ஐந்து குடிசைகள். ஏழு மணிக்கு ஐந்திலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் கிளம்பியது. டெல்மர் யோசித்தான். மீன்கூட்டம் மொத்தமாகத் திட்டைக் கடக்கிறது, ஐந்து பேருக்கும் ஒரே நொடியில் கடிக்கிறது, தனக்கு மட்டும் கடிக்கவில்லை. இதைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியாது.

வெளியே எல்ராய் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு எப்படி?"

"தாங்க முடியலப்பா. கடைசி நிமிஷத்துல கைவிட்டுப் போயிருச்சு."

"பெருசா?"

"ரொம்பப் பெருசு. வீட்டுக்குப் போயித் தூக்கமே வராது."

டெல்மருக்கும் அன்று தூக்கம் வரவில்லை. படுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்ததில் தன் தவறு புரிந்தது. நிலவரத்தில் இருப்பது பொய் என்று ஊருக்கே தெரியும். நாணல் குடா என்று எழுதினால், அங்கே மட்டும் போகக் கூடாது என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் உண்மையை எழுதினால் போதும். ஒருவனும் நம்பமாட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, உண்மையை எழுதினான்: "ஹோல்மன் முனை. கரையிலிருந்து முந்நூறு தப்படி. பாறைத் திட்டு. நாற்பதடி ஆழம். டிரவுட்டுக்கு ஏரியில் இதைவிட நல்ல இடம் கிடையாது."

ஆர்லின் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். அறுபத்தெட்டு வயது. முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள்.

"நிச்சயமாத்தானா டெல்மர்?"

"ஒட்டு."

திங்கட்கிழமை காலை லாரியோடு அந்தப் பக்கம் போனவன், புத்தம்புது ஆரஞ்சு நிறக் கூடாரம் ஒன்றைப் பார்த்தான். மினியாபொலிஸ் நகரத்து வண்டி. இரண்டு பேர், ஒரே மாதிரித் தொப்பி.

"எப்படி இருக்கு?" என்றான் டெல்மர்.

"பிரமாதம் சார். விடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு. சட்டப்படி அவ்வளவுதான் பிடிக்கலாம், கிளம்பறோம்."

டெல்மருக்கு அவர்கள் மேல் பரிதாபமாக இருந்தது. ஒரு வால்கூடக் கிடைத்திருக்காது. பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். போகும் வழியில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்றுகூடச் சொல்லி அனுப்பினான்.

அவன் கவலை உள்ளூர்க்காரர்களைப் பற்றியதுதான். செவ்வாய்க்கிழமை எட்டுக் குடிசைகள். கூச்சல் அக்கரை வரை கேட்டது. ஒரு கட்டத்தில் எல்லாரும் சேர்ந்து தரையைக் காலால் உதைத்தார்கள். பனிக்கட்டியே அதிர்ந்தது. மற்ற நாட்களில் குடிசைகளுக்குப் பூட்டு. செவ்வாயும் சனியும் மட்டும்தான் வருகிறார்கள். மீன் எந்தக் கிழமையில் கடிக்கும் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள் பாவிகள் என்று டெல்மருக்கு ஆற்றாமையாக இருந்தது. செவ்வாயிலும் சனியிலும் தன் தூண்டில் மட்டும் ஏன் சும்மா தொங்குகிறது என்பதற்கும் இதில் பதில் இருந்தது. எல்லாம் அவர்கள் பக்கம் போய்விடுகிறது.

இனி ஒரே வழிதான் பாக்கி. செய்யக் கூடாத வழி. இரண்டு நாள் மனதோடு மல்லுக்கட்டிவிட்டு அந்த வெள்ளிக்கிழமை எழுதினான்: "எச்சரிக்கை. ஹோல்மன் முனையில் அடியில் ஊற்று திறந்திருக்கிறது. பனிக்கட்டி நான்கு அங்குலம்தான். வண்டிகள் போக வேண்டாம்."

எழுதிவிட்டு அன்று பூரா யார் முகத்தையும் பார்க்கவில்லை. உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

இதில் மட்டும் அவன் பொய் சொல்லமாட்டான் என்று ஊரே நம்பியது. ஷெரிஃப் அலுவலகமும் நம்பியது. சனிக்கிழமை காலை ஒரு அதிகாரி துளைபோடும் இயந்திரத்தோடு வந்து, முனையைச் சுற்றி இருபது இடங்களில் துளை போட்டு அளந்தார். மத்தியானம் ரிசார்ட் முதலாளி டெல்மரைக் கூப்பிட்டார்.

"இருபத்தேழு அங்குலம் இருக்காம்யா. ஏரியிலேயே ரொம்பக் கெட்டியான இடம் அதான்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

"அப்படியா சார்."

"ஜனங்க பயந்து கெடக்குறாங்க. நீ போயி கரையிலேருந்து முனை வரைக்கும் நல்ல அகலமா பாதை போட்டுரு. ரெண்டு வண்டி எதிரெதிரா போற மாதிரி."

"நானா சார்?"

"பின்ன, நானா ஓட்டுவேன்?"

டெல்மர் பாதை போட்டான். சொந்த இடத்துக்கு, சொந்தக் கையால், இரண்டு வண்டி அகலத்துக்கு. அதிகாரி வழிநெடுக நட்டுவைத்திருந்த மஞ்சள் கொடிகள் ஒன்றுகூடச் சாயாமல் பார்த்துப் பார்த்து ஓட்டினான். அன்று மாலை முனையில் நின்ற குடிசைகளை எண்ணினான். பதினொன்று. ஒருவன் அடுப்பு வைத்து இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். ஏழு மணிக்குக் கிளம்பிய கூச்சல் ஒன்பது வரை ஓயவில்லை. முடிவில் எல்லாரும் வெளியே ஓடிவந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்ராய் அழுதுகொண்டிருந்தான்.

"டெல்மர், இந்த மாதிரி ஒரு ராத்திரி இனி நம்ம ஆயுசுல வராதுடா" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

திட்டு காலி என்று டெல்மருக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தன் குடிசையை லாரியில் பூட்டி நாணல் குடாவுக்கு இழுத்துப் போனான். ஏரியில் ஆளில்லாத இடம் அது ஒன்றுதான். நாணலுக்கு நடுவே குடிசையை நிறுத்தினான். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கதவைத் திறந்தால் ஹோல்மன் முனை தெரியும் என்று நினைத்துத் திறந்தான். நாணல் தெரிந்தது. அழுகை வரும்போல இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை நேரே ஆர்லினின் கடைக்குப் போனான்.

"இனிமே நிலவரம் எழுத மாட்டேன் ஆர்லின். வேற ஆளப் பாத்துக்க."

அவள் இரைமீன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னாச்சு இப்போ?"

"என்ன ஆகணும்? மூணு வாரமா ஊரே என் எடத்துல வந்து உக்காந்துருச்சு. பதினோரு குடிசை. ஒரு மீன் மிச்சம் வைக்கல. நேத்தோட நான் காலி பண்ணிட்டுப் போயிட்டேன். எல்லாருமா சேர்ந்து நல்லா இருக்கட்டும்."

ஆர்லின் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, இந்த மூணு வாரத்துல நம்மூரு ஆளு ஒருத்தன்கூட எங்கிட்ட இரை வாங்கல. அந்த முனையில மட்டும்தான் ஃபோனுக்கு சிக்னல் வருது, நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க ஹாக்கி ஆடறத ஃபோன்ல பாக்கத்தான் செவ்வாயும் சனியும் அங்க போயி உக்காந்தானுங்க, முந்தாநேத்து கடைசி ஆட்டத்துல ஜெயிச்சாச்சு, இன்னிக்கு எல்லாக் குடிசையையும் எடுத்துட்டானுங்க. அங்க மீன் புடிச்சது, நீ எழுதி ஒட்டினத அப்படியே நம்பி வந்த அந்த மினியாபொலிஸ்காரங்க ரெண்டு பேருதான், இன்னிக்கு இன்னும் ஆறு பேரக் கூட்டிட்டு வந்திருக்காங்க."